சந்திரபாபு, ஜே. பி. (1927–1974): தொடக்ககாலக் கலைவாழ்வு

தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகரும், பாடகரும், நடனக் கலைஞருமான ஜே. பி. சந்திரபாபு 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தூத்துக்குடியிற் பிறந்து, 1974ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் சென்னையிற் காலமானார். திரையில் அவர் கால்வைத்த 1947 தொடங்கி, முன்னணி நடிகர்களுக்கு நிகராக நின்ற 1958 வரையான காலமே இக்கட்டுரையின் பிரதான விஷயம். நேரிற் காணாமலே குரலால் அவரை அறிந்துகொண்ட ரசிகர்கள் ஈழநாட்டில், விசேஷமாக நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், திரளாக இருந்தார்களாகையால், அந்தச் சம்பந்தமும் இங்கே சற்று விரிவாகவே சொல்லப்படும்.

தந்தையார் ஜே. பி. ரொட்ரிகஸ் தேசபக்தர், ‘சுதந்திர வீரன்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். விடுதலைப் போராட்டத்திற் கலந்துகொண்ட காரணத்தால் 1929இல் ஆங்கில அரசினராற் கைதுசெய்யப்பட்டு, பின்னர் குடும்பத்தோடு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் அந்தக் கடல்வழி மலையகத்தாருக்குப் புதியதன்று. தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டு, கங்காணியின் பின்னே கப்பலேறி, கொழும்பில் இறங்கி மலையேறிய பாட்டன்மாரின் வழியும் அதுவே. அவர்கள் கூலிக்காக வந்தார்கள், இவர் அரசியற் காரணத்தால் வந்தார் என்பதைத் தவிர, ஊரைவிட்டுப் பிரிந்த துயரம் இரு திறத்தார்க்கும் பொதுவானதே.

கொழும்பில் புனித ஜோசப் கல்லூரியிற் பயின்ற சிறுவன், தமிழோடு ஆங்கிலத்தையும் தாய்ப்பாஷைபோலப் பழகிக்கொண்டான். துறைமுக நகரமாகிய கொழும்பில் அந்நாளில் ஆங்கிலப் படங்களும், மேல்நாட்டு இசைத்தட்டுகளும், நடனக் கூடங்களும் தாராளமாக இருந்தன. கத்தோலிக்க ஆலயங்களின் சேர்ந்திசையும் இருந்தது. சந்திரபாபுவின் பாட்டிலும் ஆட்டத்திலும் பின்னாளில் சென்னை ரசிகர்களைத் திகைக்கவைத்த அந்நிய மெருகு, அங்கே வந்தபின் யாரையோ பார்த்துப் பூசிக்கொண்டதன்று. கொழும்பில் வளர்ந்த பிள்ளையின் சுபாவமாகவே அமைந்தது என்று கொள்வதே பொருந்தும். அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் பலர் இந்தப் பதினான்கு ஆண்டுகளை இரண்டு வரியிற் கடந்துவிடுவது பெருங்குறையாகும்.

1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிற் குண்டுவீசின. அடுத்த ஆண்டிலே குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியிற் குடியேறிற்று. தமிழ்த் திரையின் நகைச்சுவைக்கு அப்போது ஒரே சக்கரவர்த்தி கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். லட்சுமிகாந்தன் கொலைவழக்கிற் சிக்கிச் சிறையிருந்த அவர் 1947இல் விடுதலையானார். சந்திரபாபு ‘தன அமராவதி’ என்ற படத்திற் சிறு வேடமேற்றுத் திரைப்பிரவேசம் செய்ததும் அதே ஆண்டிலேதான். கலைவாணரின் ஹாஸ்யம் உபதேசமும் சொற்சாதுரியமும் கலந்தது; நாடகக் கம்பெனியில் விளைந்தது. நாடகக் கம்பெனி வாசனையே இல்லாத ஓர் இளைஞன், கோட்டும் சூட்டும் அணிந்து ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்து, தன்னையும் ஹாஸ்ய நடிகனாக ஏற்கவேண்டுமென்று ஸ்டூடியோ வாசல்களில் நின்றபோது, முதலாளிமாருக்கு அவரை எந்த வகையிற் சேர்ப்பதென்றே விளங்கவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகள் பசியும் அவமானமும் நிறைந்தவை. 1950களின் தொடக்கத்தில், ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ். எஸ். வாசனைச் சந்திக்க இயலாத மனமுறிவில், அந்த ஸ்டூடியோ வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டு, வழக்கிற்கும் உள்ளானார். நீதிமன்றத்திலே தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்ட காயத்தைக் கனம் நீதிபதி காணலாமே தவிர, உள்ளத்தின் எரிச்சலைக் காண முடியாதென்று அவர் சொன்னதாகத் திரையுலகத்தார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். வாசன் இதையறிந்து, ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ (1952) படத்தில் அவருக்கு வேடம் கொடுத்தார். சிரிக்கவைப்பதை ஜீவனோபாயமாகக் கொண்டவன் எத்தனை துன்பத்தைக் கடந்து அங்கே வந்து சேர்கிறான் என்பதை ரசிகர்கள் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

அதே 1952இல் வெளிவந்த, டி. ஆர். மகாலிங்கத்தின் ‘சின்னத்துரை’ படத்திலே, தமிழ்த் திரையிசைக்கு அதுவரை பழக்கமில்லாத ‘யோடலிங்’ என்னும் பாட்டுமுறையை அவர் கொண்டுவந்தார். நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரல், வார்த்தையில்லாத ஓசையில் திடீரென்று உடைந்து, தலைக்குரலின் மெல்லிய உச்சிக்குத் தாவி, மறுகணமே பழைய இடத்திற்கு இறங்கி, மீண்டும் தாவும். இடையிலே மூச்சு வாங்குவது தெரியாது. ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் மேய்ப்பர்கள் ஒரு மேட்டிலிருந்து மறுமேட்டுக்குக் குரல்கொடுக்கக் கையாண்ட வழக்கம் இது. அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்பாரின் இசைத்தட்டுகளாற் பரவி, பின்பு குதிரைவீரர் படங்களிற் புகுந்தது. இந்தியிலே கிஷோர் குமார் ஏறத்தாழ இதே காலத்தில் இதனைக் கையாண்டார் என்றாலும், தமிழுக்கு இது சந்திரபாபுவின் கொடை. மலைக்குரலாகப் பிறந்த அந்த ஓசையை, கொழுந்து மலைகளில் ஒரு நிரையிலிருந்து பள்ளத்துக்கு அப்பாலுள்ள நிரைக்குக் கூவியழைத்துப் பழகிய மக்கள் அந்நியமாகக் கருதாமல் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அந்தக் குரலை அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி. 1952 முதல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியில் வெகுவாகக் கட்டுப்படுத்தியபோது, 1950இல் தொடங்கிய இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பு அந்த வெற்றிடத்தை நிரப்பிற்று. சென்னையில் ஒலிப்பதிவான பாடலைச் சென்னையிலிருப்போரே கொழும்பு நிலையத்தைத் திருப்பிக் கேட்கும் விசித்திர நிலை உண்டாயிற்று. தோட்டங்களில் வானொலிப் பெட்டி ஆதியில் துரைமார் பங்களாவிலும், கிளாக்கர், கணக்கப்பிள்ளை வீடுகளிலுமே இருந்த பொருள். அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட பாட்டை மறுநாட் காலை, வேலைக்கு ஆள்பிரிக்கும் பெரட்டுக்களத்திலே முணுமுணுத்துப் பார்த்த இளைஞர்களுக்குச் சந்திரபாபு விசேஷ சோதனையாகவே இருந்தார்; மற்றப் பாடகரைப்போற் பாடிவிடலாம், அவரைப்போற் குரலை உடைக்க எல்லோராலும் இயலாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, எந்த நாட்டுக்கு உரியவரென்று தெரியாமல் இருந்த சனங்கள் அவர்கள். லயக் காம்பராவில் அந்தக் குரலாற் கிடைத்த சந்தோஷத்தை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சந்திரபாபுவின் தொடக்ககாலத்தை அமெரிக்கத் திரையின் நகைச்சுவை நடிகர்களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் அவருடைய கஷ்டத்தின் காரணம் துலங்கும். 1932இல் இலங்கைக்கு வந்து கண்டியையும் பார்த்துச் சென்ற சார்லி சாப்ளின், பிரெட் கார்னோ குழுவின் மேடையிலே தேர்ச்சிபெற்றபின், 1914இல் கீஸ்டோன் கம்பெனிக்காக ஒரே ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட சிறு படங்களில் நடித்துத் தம் வேடத்தைச் செப்பனிட்டுக்கொண்டார். பஸ்டர் கீட்டன் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரோடு மேடையேறி, விழுந்தெழும் வித்தையைக் கற்று, 1917இல் திரைக்கு வந்தார். சிறு படங்கள் என்னும் பயிற்சிக்களம் அவர்களுக்கு இருந்தது. தமிழ்த் திரையிலோ நகைச்சுவைக்கென்று தனிப்படம் இல்லை. நெடிய கதையின் நடுவே ஒதுக்கப்பட்ட சில காட்சிகளே உண்டு. உடம்பையே பாஷையாகக் கொண்டு, வழுக்கி விழுவதையும் தாவி எழுவதையும் தாளத்தோடு செய்த சந்திரபாபு, அந்தச் சில நிமிஷங்களுக்குள்ளேயே முழு வித்தையையும் காட்டவேண்டியிருந்தது. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் விடியவிடியப் பார்த்து, தப்பின் அடிக்கு ஏற்பக் கோமாளி உடலை வளைப்பதை ரசித்துப் பழகிய தோட்டத்துச் சனங்களுக்கு, இந்த நடிகரின் அங்க அசைவை விளங்கிக்கொள்ளத் தனி வியாக்கியானம் தேவைப்படவில்லை.

1954இல் ஏவி. எம். நிறுவனத்தின் ‘பெண்’ படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பின்னணி பாடினார். பிறர்க்குக் குரல் கொடுக்குமளவு அவருடைய பாட்டுக்கு மதிப்பு ஏற்பட்டுவிட்டதற்கு இதுவே சான்று. ‘குலேபகாவலி’ (1955), ‘புதையல்’ (1957), ‘மகாதேவி’ (1957) ஆகிய படங்கள் அடுத்தடுத்து அவரை உயர்த்தின. நாவலப்பிட்டியிற் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரன் தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) படத்திலும் அவருக்கு இடமிருந்தது. இலங்கையிற் பிறந்தவரும் இலங்கையில் வளர்ந்தவரும் ஒரே திரையில் தோன்றியது மலையகத்தார்க்குப் பெருமிதம் தந்த விஷயம்.

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘சபாஷ் மீனா’ (1958) அவருடைய தொடக்ககாலத்தின் சிகரம். சிவாஜி கணேசனுக்கு ஈடாகப் படம் முழுவதும் வந்ததோடு, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். அவற்றுள் ஒன்று ரிக்ஷாக்காரன் வேடம். கொழும்பில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர், சென்னைத் தெருவின் கொச்சையை அதன் இழுப்பும் குழைவும் சிதையாமற் பேசி, கால் கைகளின் வீச்சிலும் அந்தத் தொழிலாளியாகவே மாறிவிட்டார். ஏழையின் பேச்சை ஏளனம் செய்யாமல் அதிலே நகைச்சுவையைக் கண்டது அந்த நடிப்பின் உயர்வு. இரண்டு ஆண்டுகளின்பின் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்திற் கதாநாயகனாகவே நடித்ததோடு, அவருடைய கலைவாழ்வின் அடுத்த பகுதி தொடங்குகிறது.