கிரெப்: தேடல் பிசகும் இடங்கள்

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் கோப்புகளுக்குள் எழுத்துத்தொடரைத் தேடி, அது உள்ள வரிகளைக் காட்டும் கட்டளை கிரெப். கென் தாம்சன் எழுதிய இது 1973இல் வெளிவந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் இடம்பெற்றது. அரை நூற்றாண்டு தாண்டியும் நாள்தோறும் புழங்கும் கருவி.

சொல் கண்ணெதிரே இருந்தும் கிரெப் எதையும் காட்டாவிட்டால், பழுது பெரும்பாலும் அதில் இருக்காது. நாம் தட்டியது ஒன்று, அதனிடம் போய்ச் சேர்ந்தது வேறொன்று என்பதே வழக்கமான காரணம்.

முதலில் பார்க்க வேண்டியது, நாம் தட்டுவதை வாங்கிக் கட்டளைக்கு அனுப்பும் ஷெல். 'குறிப்பு' என்ற கோப்பில் தேட, மேற்கோள்குறி இல்லாமல் மழை* என்று தட்டுவதாகக் கொள்வோம். அதே கோப்புறையில் 'மழைக்காலம்', 'மழைநீர்' என்று இரண்டு கோப்புகள் இருந்தால், ஷெல் அந்த நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். கிரெப்போ 'மழைக்காலம்' என்ற சொல்லை மற்ற இரு கோப்புகளிலும் தேடிக்கொண்டிருக்கும்! தேடுசொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் இட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அடுத்தது, கிரெப் தேடுசொல்லைப் படிக்கும் குறிமொழியான ரெகுலர் எக்ஸ்பிரஷன். அதில் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்துவதால், 1.5 என்று தேடினால் 105, 125 எல்லாம் வரும். உள்ளது உள்ளபடி தேட 'மைனஸ் கேப்பிடல் எஃப்' சேர்க்க வேண்டும்.

விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் குறி ஒட்டியிருக்கும். லினக்ஸில் வரிமுடிவைக் குறிக்கும் $ சேர்த்துத் தேடினால் அந்தக் குறி குறுக்கே நிற்பதால் எதுவும் கிடைக்காது. தேடுசொற்களைத் தனிக்கோப்பில் பட்டியலிட்டுக் கொடுக்கும்போது இடையே ஒரு வெற்று வரி இருந்தால் நேர்மாறான விளைவு: எல்லா வரிகளும் வந்து கொட்டும்.

தமிழில் தேடுவோரை மிகவும் அலைக்கழிப்பது 'கொடி' போன்ற சொற்களே. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கிரெப்புக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'கோ', 'கௌ' வரிசைகளிலும் இதே சிக்கல் உண்டு. தேடுசொல்லையும் கோப்பையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுவதே சரியான வழி. தமிழ்த் தரவுகளைத் தொகுப்போர் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.

கிரெப்பைப் போன்ற தேடல் கருவியாக 2016இல் வந்த ரிப்கிரெப்பிலும் ஒரு பொறி உண்டு: அது மறைகோப்புகளையும், கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலில் உள்ளவற்றையும் தானாகவே தாண்டிச் செல்லும். 'மைனஸ் யூ' மூன்று முறை கொடுத்தால் எதையும் விடாது.

கிரெப் கட்டளை முடிந்ததும் அது திருப்பித் தரும் வெளியேறு எண்ணையும் பாருங்கள்: 0 என்றால் கிடைத்தது, 1 என்றால் கிடைக்கவில்லை, 2 என்றால் பிழை.