மின்னியக்க ஏறுபடி

மின்னியக்க ஏறுபடி என்பது கேரவன் எனப்படும் வசிப்பறை ஊர்திகளின் வாயிலுக்குக் கீழே பொருத்தப்பட்டு, மின்னோடியின் உதவியால் வெளியே நீளவும் உள்ளே மடங்கவும் கூடிய படிக்கட்டு ஆகும். கதவு திறந்ததும் படி நீளும், மூடியதும் மடங்கும். நீள வேண்டிய படி நீளாவிட்டால் இருளில் இறங்குபவர் விழ நேரிடும். மடங்க வேண்டிய படி மடங்காவிட்டால் ஓடும் ஊர்தியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு சாலையில் செல்வோரைத் தாக்கக்கூடும். இதன் மின்பழுதுகள் பல மின்னோடியில் அன்றி இணைப்புகளிலேயே தோன்றுகின்றன.

இந்தியாவில்

வட அமெரிக்காவில் பரவலாக உள்ள இவ்வமைப்பு இந்தியாவில் அரிது. இங்கு கேரவன்கள் பெரும்பாலும் பேருந்து அல்லது வேன் அடிச்சட்டத்தின் மீது கூண்டு கட்டி உருவாக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் இவை பழக்கமானவை. வல்லக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரகடத்தில் 2012-இல் திறக்கப்பட்ட டெய்ம்லர் ஆலை பாரத்பென்ஸ் லாரிகளையும் பேருந்து அடிச்சட்டங்களையும் உற்பத்தி செய்கிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது, பாரத்பென்ஸ் அடிச்சட்டத்தில் அமைந்த கேரவன் அங்கு அறிமுகமானது. இந்தியாவில் மோட்டார் கேரவன்களுக்கான வகை ஒப்புதல் நெறிமுறை ஏஐஎஸ்-124 ஆகும்.

அமைப்பு

இதன் முதன்மை உறுப்புகள்:

- இரு திசையிலும் சுழலும் நேர்மின்னோட்ட மின்னோடி
- கட்டுப்பாட்டுப் பெட்டி
- கதவிலுள்ள காந்த உணரி
- உருகி (பியூஸ்), முதன்மை ஆளி (சுவிட்ச்)
- எஞ்சின் சாவியிலிருந்து வரும் கம்பி

சாவி இணைப்பு, எஞ்சின் இயங்கும்போது கதவு மூடியிருந்தால் படியை மடக்கிவிடும். சில வகைகளில் படி முழுமையாக நீண்டதை, மின்னோடி தடைப்பட்டு மின்னோட்டம் உயர்வதைக் கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டி அறிகிறது.

மின்னழுத்த இழப்பு

படி நகரும்போது மின்னோட்டம் மிகும். ஓர் இணைப்பில் துருவினால் 0.2 ஓம் தடை ஏற்பட்டு, 15 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். ஓமின் விதிப்படி 15 × 0.2 = 3 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். மின்கலத்தில் 12.6 வோல்ட் இருந்தாலும் மின்னோடிக்கு 9.6 வோல்ட்டே கிட்டும். படி பாதியில் நிற்கும், அல்லது திரும்பிச் செல்லும். ஆனால் படி அசையாதபோது அளந்தால் மின்னோட்டம் இல்லாமையால் இழப்பும் இராது; அளவி 12.6 வோல்ட்டையே காட்டும். எனவே சுமையுடன் அளப்பதே சரியான முறை.

பழுது கண்டறிதல்

1. மின்கலத்தை அளக்க வேண்டும். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் ஈய-அமில மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.
2. உருகியையும் முதன்மை ஆளியையும் பார்க்க வேண்டும். உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால் குறுக்குச்சுற்றோ இறுகிய மூட்டோ காரணமாகலாம். பெரிய உருகியை இடுவது கம்பி தீப்பற்ற வழிவகுக்கும்.
3. படி நகரும்போது, மின்கலத்தின் எதிர்முனைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். ஒரு வோல்ட் அளவுக்குக் காட்டினால், பணிமனைகளில் 'பாடி எர்த்' எனப்படும் சட்டக இணைப்பைக் கழற்றித் துருநீக்கி இறுக்க வேண்டும். நேர்முனைக் கம்பியையும் இவ்வாறே சோதிக்கலாம்.
4. கதவு தொய்ந்தால் காந்தம் உணரியை விட்டு விலகும். காந்தத்தைக் கையால் உணரியின் அருகே கொண்டுசென்று சோதிக்கலாம்.
5. மின்னோடியைப் பிரித்து, உருகி வழியாக நேரடி மின்சாரம் சிறிது நேரம் தரலாம். அது சுழன்றால் பழுது கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ உணரியிலோ உள்ளது.

24 வோல்ட் ஊர்திகள்

கனரக ஊர்திகள் பலவற்றில் இரு 12 வோல்ட் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். 12 வோல்ட் படியை நேரடியாக 24 வோல்ட்டில் இணைத்தால் அது பழுதாகும். ஒரே மின்கலத்திலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால் அது குறைமின்னேற்றமும் மற்றது மிகைமின்னேற்றமும் அடைந்து, இரண்டின் ஆயுளும் குறையும். தக்க திறனுள்ள மின்னழுத்த மாற்றியைப் பயன்படுத்துவதே முறையாகும்.

பாதுகாப்பு

படிக்கு அடியில் கைவைக்கும் முன் உருகியை அகற்ற வேண்டும். உணரி தூண்டப்பட்டால் படி திடீரென மடங்கி விரல்களை நசுக்கும். உணரியையோ சாவி இணைப்பையோ தவிர்த்துக் கம்பிகளை நேரடியாக இணைப்பது பழுதை மறைக்குமே அன்றி நீக்காது. படி நீண்ட நிலையிலேயே ஊர்தி புறப்படவும் அது இடமளிக்கும்.