வக்ஃபில் பிறந்த நகரம்: சரயேவோவின் பள்ளிவாசல்கள்

கோட்டையைச் சுற்றி வளர்ந்த நகரங்கள் உண்டு. துறைமுகத்தை நம்பி எழுந்த நகரங்களும் உண்டு. பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவோ ஒரு வக்ஃபிலிருந்து பிறந்தது. உதுமானிய ஆளுநர் ஈஸா பேக், வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் உணவளிக்கும் தங்குமிடத்தையும், அதன் செலவுக்கான வருவாயையும் அறக்கொடையாக எழுதிவைத்த 1462ஆம் ஆண்டையே அந்நகரத்தார் தம் ஊரின் தொடக்கமாகக் கொள்கின்றனர்.

அந்தப் பழைய நகரின் பள்ளிவாசல்களைக் காணச் சென்ற நாம் முதலில் மில்யாட்ஸ்கா ஆற்றின் தென்கரையில் உள்ள சுல்தான் பள்ளிவாசலுக்குப் போனோம். ஈஸா பேக் 1457இல் அங்கே ஒரு பள்ளியைக் கட்டி, கான்ஸ்டான்டினோபிளை வென்ற சுல்தான் முஹம்மது ஃபாத்திஹின் பெயருக்கு அளித்தார். அது அழிந்தபின், பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கட்டடமே இன்று நிற்கிறது. ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தால், செம்புப் பாத்திரங்கள் செய்வோரின் சுத்தியல் ஒலி கேட்கும் பழைய கடைவீதி. அதன் நடுவே காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசல்.

ஹுஸ்ரவ் பேக் சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள்வழிப் பேரர். தந்தை பொஸ்னியர், தாய் ஸல்ஜூகா உதுமானிய இளவரசி. 1521இல் பொஸ்னியாவின் ஆளுநராக வந்த அவர், 1531இல் இப்பள்ளிவாசலைக் கட்டி முடித்தார். சுமார் 26 மீட்டர் உயரத்தில் ஒரே பெரிய குவிமாடம். முற்றத்தில் உளூ செய்வதற்கான நீரூற்று. அருகில் ஒரு மணிக்கூண்டு. அம்மணிக்கூண்டின் முட்கள் சூரியன் மறையும் வேளையில் பன்னிரண்டைக் காட்டும். பகலின் நீளம் மாறும்தோறும் கடிகாரத்தைத் திருத்தியமைக்க ஒருவர் மேலேறிச் செல்கிறார். மக்ரிபை வைத்தே நாளைத் தொடங்கும் மரபு அங்கே சக்கரங்களாகச் சுழல்கிறது.

எனினும், ஹுஸ்ரவ் பேக்கின் பெருமை குவிமாடத்தோடு முடிந்துவிடவில்லை. ஏழைகளுக்கு இலவச உணவுக்கூடம், பயணியர் விடுதி, குளியல் இல்லம், குடிநீர்க் குழாய்கள் என அவருடைய அறம் விரிந்தது. இவற்றைத் தாங்குவதற்காகக் கடைகளின் வாடகையும் நிலங்களின் வருவாயும் வக்ஃபு செய்யப்பட்டன. 1537இல் பள்ளிவாசலுக்கு எதிரே தம் தாயின் பெயரால் மதரஸாவை நிறுவியபோது, கட்டடச் செலவு போக மீதமாகும் பணத்தைக் கொண்டு நல்ல நூல்களை வாங்கி வைக்குமாறு வக்ஃபுப் பத்திரத்தில் எழுதினார். அந்த ஒரு வரியிலிருந்து வளர்ந்ததே காஸி ஹுஸ்ரவ் பேக் நூலகம். ஏறத்தாழ 10,000 கையெழுத்துப் பிரதிகள் அங்கே உள்ளன. இமாம் கஸ்ஸாலி அவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே, 1105இல், படியெடுக்கப்பட்ட இஹ்யாவின் ஒரு பகுதியும் அவற்றுள் ஒன்று.

1992இல் சரயேவோ முற்றுகையிடப்பட்டது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து குண்டுகள் பொழிந்தன. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் நகரின் தேசிய நூலகம் எரிந்து சாம்பலானது. காஸி நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளை மட்டும் அதன் பணியாளர்கள் காப்பாற்றினார்கள். இயக்குநர் முஸ்தஃபா யாஹிச்சும், காவலரும், துப்புரவுப் பணியாளரும் அவற்றை வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி, துப்பாக்கிகள் குறிவைத்திருந்த தெருக்களின் வழியே இடம்விட்டு இடம் பலமுறை தூக்கிச் சென்றனர். சோற்றுக்கும் நீருக்கும் மக்கள் உயிரைப் பணயம் வைத்த நாள்கள் அவை. அந்நிலையிலும் 455 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்த அமானிதத்தை அவர்கள் கைவிடவில்லை.

போர் முடிந்தபின் நடந்தது நம்மை மேலும் சிந்திக்க வைத்தது. வெளிநாட்டு உதவியுடன் பள்ளிவாசல் புதுப்பிக்கப்பட்டபோது, சுவர்களில் இருந்த வண்ண வேலைப்பாடுகள் மறைந்து எங்கும் வெள்ளை பூசப்பட்டது. எளிமையே தொழுகைக்கு உகந்தது என்பாரும், தலைமுறைகளின் நினைவு அழிக்கப்பட்டது என்பாரும் இருந்தனர். சில ஆண்டுகளில் உள்ளூர்க் கலைஞர்கள் அவ்வேலைப்பாடுகளை மீண்டும் தீட்டினார்கள். உதவும் கை தூயதாக இருக்கலாம். ஆயினும், ஒரு பள்ளிவாசலைப் பேணும் உரிமையில் அதில் தலைமுறை தலைமுறையாகத் தொழுதுவரும் ஜமாஅத்துக்கும் பங்குண்டு அல்லவா?

நாம் அங்கே லுஹர் தொழுதோம். முன்வரிசையில் முதியவர்கள், அவர்களுக்குப் பின்னால் மதரஸா மாணவர்கள். தொழுதபின் முற்றத்தில் உள்ள ஹுஸ்ரவ் பேக்கின் கப்ருக்கு முன் நின்று துஆச் செய்தோம். அவர் 1541இல் மறைந்தார். இறந்த பின்னும் மனிதனைத் தொடரும் நன்மைகளாக நிலையான தர்மத்தையும், பயன்தரும் கல்வியையும், துஆச் செய்யும் பிள்ளையையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டிய ஹதீஸ் நாம் சிறுவயது முதல் கேட்டு வருவது. அதன் பொருளை அந்த முற்றத்தில் கண்ணால் கண்டோம்.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் முன்னோர் எழுதிவைத்த நிலங்களும் கடைகளும் உண்டு. அவை எதற்காக எழுதப்பட்டன என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா? பள்ளியின் பழைய பத்திரத்தை ஒரு நாள் அவர்களுக்கு எடுத்துக் காட்டிப் படித்துச் சொல்வோம். அமானிதம் என்னவென்று அறிந்தவர்களே அதைக் காக்க முன்வருவார்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அத்தகைய பொறுப்புணர்வைத் தந்தருள்வானாக, ஆமீன்.