சிங்கப்பூர்க் குரங்கும் ஓர் ஒட்டுண்ணியின் தற்சார்பும்

1931. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் எல். ஈ. நேப்பியர் காலா அசார் நோயைக் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்துவந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நீள்வால் குரங்கு ஒன்றின் இரத்தத்தில், அவருடைய குழுவைச் சேர்ந்த கேம்பெல் மலேரியா ஒட்டுண்ணிகளைக் கண்டார். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அந்த நீள்வால் குரங்கைப் பெரிதும் வருத்தாத அக்கிருமி, ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தப்பட்டதும் உயிர்க்கொல்லியாக மாறியது. மனித மலேரியாக் கிருமிகள் ஒருமுறை பெருக 48 அல்லது 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இதற்கு 24 மணி நேரமே போதும்.

அக்கிருமியைக் குரங்கிலிருந்து குரங்குக்கு மாற்றி உயிரோடு பேணிய பணி பி. எம். தாஸ்குப்தாவுடையது. 1932இல் அவரும் ராபர்ட் நோல்ஸும் அது இரத்தத்தின் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடியது எனச் சோதனையில் காட்டினர். அதே ஆண்டில் சிண்டன், முல்லிகன் ஆகிய இருவரும் அதற்கு நோல்ஸின் பெயரால் 'பிளாஸ்மோடியம் நோலெசி' எனப் பெயரிட்டனர்.

ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின், இதே இனம் உயிர்வேதியியலின் அடிப்படை வினா ஒன்றுக்கு விடை தந்தது. சிவப்பணுவுக்குள் ஒளிந்து வாழும் ஒட்டுண்ணி, தன் டிஎன்ஏவுக்கு வேண்டிய பொருள்களை எங்கிருந்து பெறுகிறது?

அப்பொருள்களில் ஒரு பகுதி பிரிமிடின் காரங்கள்: டிஎன்ஏவில் சைட்டோசினும் தைமினும், ஆர்என்ஏவில் சைட்டோசினும் யுராசிலும். மனித உயிரணு இவற்றை இரு வழிகளில் பெறும். முதல் வழி, புதிதாக ஆக்குவது. குளுட்டமின், பைகார்பனேட், ஆஸ்பார்டிக் அமிலம் ஆகிய எளிய பொருள்களிலிருந்து ஆறு படிகளில் யுராசில் நியூக்ளியோடைடு உருவாகிறது. இடையில் தோன்றும் பொருள்களுள் ஒன்று ஓரோட்டிக் அமிலம். மற்ற பிரிமிடின்கள் இந்த நியூக்ளியோடைடிலிருந்தே கிளைக்கின்றன. இரண்டாம் வழி, பழைய நியூக்ளிக் அமிலங்கள் சிதைகையில் கிடைக்கும் யூரிடினையும் தைமிடினையும் மீட்டுப் பயன்படுத்துவது. எஞ்சியவை உடைக்கப்படும். பியூரின்கள் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக முடிய, பிரிமிடின்களோ நீரில் எளிதில் கரையும் சிறு மூலக்கூறுகளாக முடிகின்றன. எனவே கீல்வாதத்தில் மூட்டுகளில் படிவது பியூரின் கழிவே.

முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. டிஎன்ஏ ஆக்கும் தேவையும் இல்லை. அதற்குள் குடியேறிய ஒட்டுண்ணிக்கோ ஒரு சுழற்சியில் தன் டிஎன்ஏவைப் பன்மடங்காக்கியே தீரவேண்டும்.

1970இல் பிரிட்டன் ஆய்வாளர்களான கட்டரிட்ஜும் டிரிக்கும், நோலெசி தொற்றிய குரங்குச் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்ட பொருள்களை ஊட்டிப் பார்த்தனர். பியூரின் வகைப் பொருளை ஒட்டுண்ணி ஏற்றுக்கொண்டது. ஆயத்தமாகக் கொடுத்த தைமிடினை அது பயன்படுத்தவில்லை. ஓரோட்டிக் அமிலமோ அதன் டிஎன்ஏவிலும் ஆர்என்ஏவிலும் சென்று சேர்ந்தது. பியூரினை ஆக்கத் தெரியாமல் விருந்தோம்பியிடம் இரந்து பெறும் அவ்வுயிர், பிரிமிடினைப் பொறுத்தவரை முழுக்கத் தன் உழைப்பையே நம்பியிருக்கிறது என்னும் சித்திரம் இத்தகைய ஆய்வுகளால் தெளிந்தது.

இந்தத் தற்சார்பே அதன் பலவீனமும் ஆகும். மனித உயிரணுவின் ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி உண்டு, ஒட்டுண்ணிக்கு இல்லை. ஹிட்சிங்ஸ், எலியன் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் முன்பே உருவாகியிருந்த பைரிமெத்தமின் மருந்து, தைமின் ஆக்கத்துக்குத் தேவையான ஃபோலேட் நொதியை முடக்குவது. 2007இல் அகில் வைத்யாவின் குழு மேலும் ஓர் உண்மையை நிறுவியது: இரத்தத்தில் வாழும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் நிகழும் எலக்ட்ரான் கடத்தலுக்கு இன்றியமையாத பணி, ஓரோட்டிக் அமிலம் உருவாகும் படிக்குத் துணைநிற்பதே. எனினும் ஒட்டுண்ணியும் வாளாவிருக்கவில்லை. ஃபோலேட் நொதியின் 108ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே பைரிமெத்தமினின் பிடி தளரத் தொடங்கிவிடுகிறது.

நோலெசியின் கதை ஆய்வுக்கூடத்தோடு முடியவும் இல்லை. 2004இல் பல்பீர் சிங்கின் குழு சரவாக்கின் காப்பிட் பகுதி மக்களிடையே அது பரவலாக இருப்பதை வெளிப்படுத்தியது. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா இனங்களின் உள்நாட்டுத் தொற்று இல்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் நோலெசி தொடர்கிறது. மனிதருக்கும் இது தொற்றும் என்று கல்கத்தா சொல்லி 72 ஆண்டுகள் கழிந்த பின்பே உலகம் அதைப் பெரிதாகக் கருதியது.

அறிவியல் பெயரில் நோல்ஸ் நிலைத்துவிட்டார். அக்கிருமி அழிந்துவிடாமல் காத்த தாஸ்குப்தாவின் பெயரோ 1932ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, இரண்டாவதாக நிற்கிறது.