சேற்றில் இறுகிய துவக்கு

"வீட்டுக்குள்ள துவக்கோ?" என்று அம்மா கேட்டார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாழ்ந்த காலத்தில் துவக்கு எப்போதும் வேறொருவர் கையில்தான் இருந்தது. அதன் வாய் எங்கள் பக்கம் பார்த்தபடி இருந்தது. அதை மகன் காசு கொடுத்து வாங்கப் போகிறான் என்பதை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், நவம்பரில் பாரி சவுண்ட் பக்கத்துக் காட்டுக்கு மான் வேட்டைக்கு அழைத்திருந்தார். பாதுகாப்பு வகுப்பு முடித்து, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டேன். கடைக்காரர் ஒரு போல்ட் ரைபிளை எடுத்து நீட்டினார். அலுமினியச் சட்டம், மடக்கக்கூடிய பின்கட்டை, கழற்றி மாற்றக்கூடிய குழல், எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. "வேட்டைக்கும் இதுதான், குறிசுடும் போட்டிக்கும் இதுதான். இரண்டு வாங்கத் தேவையில்லை" என்றார். கணினித் துறையில் இருபது வருடம் வேலை செய்தவனுக்கு அந்த வாக்கியம் பழக்கமானது. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால், எங்கே வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்பது என் தொழில். அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கியபோதுதான் றொஸ் துவக்கின் கதை கிடைத்தது.

போவர் யுத்த காலத்தில் கனடாவுக்குத் தேவையான லீ-என்பீல்ட் துவக்குகள் பிரித்தானியாவிலிருந்து போதிய அளவில் வரவில்லை. அவற்றைக் கனடாவிலேயே செய்வதற்கும் வழி பிறக்கவில்லை. அந்த வேளையில் சேர் சார்ள்ஸ் றொஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பிரபு தன் சொந்த வடிவமைப்போடு வந்தார். கியூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது. சாதாரண போல்ட் துவக்கில் கைபிடியை மேலே திருப்பி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, மீண்டும் கீழே திருப்ப வேண்டும். றொஸில் நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். போல்ட்டின் தலை தானாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். 1910இல் வந்த மூன்றாம் வடிவத்தின் குழல் ஏறத்தாழ 77 சென்ரிமீற்றர். லீ-என்பீல்டின் குழல் 64தான். நீண்ட குழல், இறுக்கமான அறை, நுணுக்கமான வேலைப்பாடு. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1911இலும் 1913இலும் மன்னர் பரிசைக் கனடியர்கள் வென்றது றொஸ் துவக்கால்தான். வேட்டைக்காரருக்கென .280 றொஸ் என்ற வேகமான ரவையும் வந்தது. குறிசுடுவோரும் வேட்டைக்காரரும் ஒருசேரப் புகழ்ந்த துவக்கு அது. அமைச்சர் சாம் ஹியூஸ் அதைத் தேசத்தின் பெருமையாகவே கருதினார்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. கனடாவின் முதலாம் டிவிஷன் அங்கே நின்றது. அகழிகளில் சேறு. கையில் கிடைத்ததோ பிரித்தானியத் தொழிற்சாலைகள் அவசரத்தில் செய்த, அளவில் சற்றே பிசகிய ரவைகள். லீ-என்பீல்டின் தளர்வான அறை அவற்றை ஏற்றுக்கொண்டது. றொஸின் இறுக்கமான அறையில் சுட்ட கோது சிக்கிக்கொண்டது. வேகமாக இயக்கும்போது போல்ட்டின் பல் அதன் தடுப்பில் மோதி நசுங்கவும் செய்தது. சிலர் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். எதிரி நெருங்கி வரும்போது! அந்தச் சண்டையில் தப்பிய சுமார் 5,000 பேரில் 1,452 பேர் தங்கள் றொஸை எறிந்துவிட்டு, விழுந்துகிடந்த பிரித்தானியரின் லீ-என்பீல்டை எடுத்திருந்தார்கள். எந்த ஆய்வறிக்கையும் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்க முடியாது.

ஆனாலும் ஹியூஸ் அசையவில்லை. 1915 ஜூனில் முதலாம் டிவிஷனுக்கு லீ-என்பீல்ட் கிடைத்தது. பின்னால் வந்த டிவிஷன்கள் 1916 வரை றொஸையே சுமந்தன. குறைகளை எழுதிய தளபதி ஆல்டர்சனை ஹியூஸ் கடுமையாகத் தாக்கினார். முதலில் பதவி பறிபோனது ஆல்டர்சனுக்குத்தான். 1916 முடிவதற்குள் ஹியூஸும் போனார். தெரிவு செய்தவர் ஒட்டாவாவில் இருந்தார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் சேற்றில் கிடந்தார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் றொஸ் ஒரு மோசமான துவக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிரான்சிஸ் பெகமகாபோ அப்படிச் சொல்ல விடமாட்டார். நான் வேட்டைக்குப் போகவிருந்த அதே பாரி சவுண்ட் பகுதியைச் சேர்ந்த ஒஜிப்வே இனத்தவர் அவர். முதலாம் உலக யுத்தத்தின் மிகச் சிறந்த குறிசுடுநர்களில் ஒருவர். இராணுவப் பதக்கத்தை மூன்று முறை பெற்றவர். அவர் கையில் இருந்தது றொஸ். மற்றவர்கள் வீசியெறிந்ததைக் குறிசுடுநர்கள் விரும்பி வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வேலை வேறு: நீண்ட காத்திருப்பு, ஒரேயொரு சூடு, துணியில் சுற்றிக் காத்த போல்ட், பார்த்துப் பொறுக்கிய ரவை. ஊர் திரும்பிய பெகமகாபோ தன் மக்களின் தலைவராகி உரிமைகளுக்காகப் போராடினார். அவர் 1952இல் இறந்தார். தங்கள் சட்ட அந்தஸ்தை இழக்காமல் வாக்களிக்கும் உரிமை அம்மக்களுக்குக் கிடைத்தது 1960இல்.

ஆக, 'நல்ல துவக்கு எது?' என்பது அரைக் கேள்விதான். எந்த நிலத்தில், எந்தக் குளிரில், யார் கையில் என்பது மீதிப் பாதி. கடையில் பார்த்த அந்த ரைபிளுக்கும் இது பொருந்தும். எடை குறைந்தால் நாள் முழுதும் தோளில் சுமக்கலாம். ஆனால் அதே ரவைக்கு உதைப்பு கூடும். மெல்லிய குழல் சில சூடுகளிலேயே கொதித்துவிடும். அடுத்தடுத்த ரவைகள் இடம் மாறி விழலாம். போட்டிக்காரர் தடித்த குழலையும் ஐந்தாறு கிலோ எடையையும் பொறுத்துக்கொள்வது அதனால்தான். மான் வேட்டைக்காரருக்கு முதல் சூடு ஒன்றுதான் கணக்கு. பாகங்களை மாற்றும் வசதி இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதில்லை. இன்று எந்தப் பக்கம் நிற்பது என்று தெரிவு செய்ய விடுகிறது, அவ்வளவுதான். கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் குறி மாறவில்லை என்று சுட்டுப் பார்த்தாக வேண்டும். அதைச் செய்யாதவனின் தவறு காயப்பட்ட மானாகக் காட்டுக்குள் ஓடும்.

றொஸை வென்ற லீ-என்பீல்டின் போல்ட்டையும் ரவைப்பெட்டியையும் வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, ஒன்ராறியோவின் கால்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். இன்று அது கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி. எங்கள் அப்பாமார் பொலிஸ்காரர் தோளில் பார்த்துப் பயந்த 'திரீ நாட் திரீ' அவர் வழி வந்ததுதான். வடதுருவப் பகுதியில் ரோந்து போகும் கனடிய ரேஞ்சர்கள், 1947இல் அந்தப் படை அமைந்த நாளிலிருந்து எழுபது வருடம் போல, பனிக்கரடிக்கு எதிராக அதையே நம்பினார்கள். உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிதான பிறகுதான் மாற்றினார்கள். அதன் இடத்துக்கு வந்த சி-19 பின்லாந்தின் சாக்கோ நிறுவன வடிவமைப்பு. செய்யப்படுவது கேம்பிரிட்ஜின் பக்கத்து நகரான கிச்சனரில். அதுவும் போல்ட் துவக்குத்தான். கையுறை போட்ட கைக்கும் உறைபனிக்கும் எளிமையே உதவும் என்பதை அந்த எழுபது வருடம் சொல்லிக் கொடுத்திருந்தது.

நான் கடைசியில் வாங்கியது மடங்காத கட்டையுள்ள சாதாரண .308 ரைபிள். மூன்றரைக் கிலோ. ஒக்ரோபர் முழுதும் கையுறையோடு நின்றுகொண்டு சுட்டுப் பழகினேன். மேசையில் வைத்துச் சுட்டபோது ஒன்றையொன்று தொட்ட ஓட்டைகள், நின்று சுட்டபோது ஒரு சாண் அகலத்துக்குப் பரவின. எவ்வளவு தூரத்துக்கு மேல் நான் சுடக்கூடாது என்பதை அந்தத் தாள்தான் சொன்னது.

சட்டப்படி அதைப் பூட்டி வைக்க வேண்டும். நிலவறையில் பெட்டியைப் பொருத்திய அன்று அம்மா படியிறங்கி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பூட்டை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே போனார்.