நுளம்பின் கால்களும் வன்னிக் காய்ச்சலும்

வன்னியில் குளங்கள் தூர்ந்து ஊர்கள் காடாகியமைக்குப் படையெடுப்புகளையே நமது வரலாற்று நூல்கள் பெரிதும் காரணம் காட்டுகின்றன. காய்ச்சலுக்கு அவற்றில் தரப்பட்ட இடம் போதாது என்பது என் கருத்து.

மலேரியாக் கிருமியை நுளம்பின் வயிற்றில் ரொனால்ட் ரோஸ் 1897 இல் செக்கந்தராபாத்தில் கண்டார். எந்த நுளம்பு என்பதே அடுத்த கேள்வி. இலங்கையில் அதற்கு விடை தேடியவர் எச். எஃப். கார்ட்டர் என்னும் பூச்சியியலாளர். 1920களில் அவர் நடத்திய ஆய்வுகள் 'அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ்' என்ற இனத்தையே குற்றவாளியாகக் காட்டின.

குளக்கரைக் குடிசையின் விளக்கைச் சுற்றி மாலையில் மொய்ப்பவை எல்லாம் நுளம்புகள் அல்ல. (தமிழகத்தார் கொசு என்பதையே நாம் நுளம்பு என்கிறோம், நம்மூரில் கொசு என்றால் கண்முன் பறக்கும் சிறு பூச்சி.) கடிக்காத ஒரு வகைப் பூச்சி தோற்றத்தில் நுளம்பை அச்சொட்டாக ஒத்திருக்கும். அதற்கு நீண்ட உறிஞ்சுகுழல் இல்லை. சிறகு நரம்புகளில் செதில் இல்லை. அமரும்போது முன்னங்காலைத் தூக்கும். நுளம்பு தூக்குவது பின்னங்காலை. அனோபிலிசோ உடலைச் சாய்த்து, தலை தாழ்த்தி அமரும். அதன் குடம்பி சுவாசக் குழாய் இன்றி நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடக்கும். இத்தனையும் தெரிந்தவர்தான் எந்த நீர்நிலையில் மருந்திடுவது என்று சொல்ல முடியும்.

குலிசிஃபேசிஸ் பெருகுவது வற்றிய ஆற்றுக் குட்டைகளில். 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அது பெரும்பாலும் தென்மேற்கை அண்டிய பகுதிகளின் அவலம். வன்னிக்குக் காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி.

டி.டி.ரீ. வந்தபின் நிலை மாறியது. 1963 இல் நாடு முழுவதும் பதிவானோர் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கைசோர்ந்த அதிகாரிகள் 1968-69 இல் ஐந்து இலட்சம் நோயாளரைக் கண்டனர். போர்க்காலத்தில், 1999 இல், எண்ணிக்கை மீண்டும் 2.6 இலட்சத்தைத் தாண்டியது. பெரும் சுமை வடக்கிலும் கிழக்கிலும். அந்நாட்களிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் பணியாளர்கள் போர்க்கோட்டின் இருபுறமும் வேலை செய்தனர். போர்ச் செய்திகளுக்கு நடுவே அவர்களுக்குப் பத்திரிகைகளில் கிடைத்த இடம் மிகச் சொற்பம்.

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், வன்னியின் அயலான மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் 'அனோபிலிஸ் ஸ்டீஃபன்சி' கிணறுகளில் பிடிபட்டது. ஆற்றுக் குட்டை அதற்கு வேண்டியதில்லை. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். குலிசிஃபேசிசின் கால்கள் புள்ளியின்றிக் கருத்தவை. ஸ்டீஃபன்சியின் கால்களில் வெண்புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும்.