இஸ்னிக் ஓடுகளின் விலை

சமையலறைச் சுவருக்குப் பீங்கான் ஓடு தேர்ந்தெடுக்கச் செல்லும் நாம் முதலில் வினவுவது விலையைத்தான். உதுமானிய அரண்மனையும் அவ்வாறே வினவியது.

அனத்தோலியாவின் இஸ்னிக் நகரக் குயவர்கள் படிகக்கல் மாவுடன் கண்ணாடித் தூள் கலந்து சுட்ட ஓடுகள், இஸ்தான்பூலின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் தக்காளிச் சிவப்புடன் இன்றும் மிளிர்கின்றன. அவை சுவருக்கென்றே உருவானவை. தரைக்குக் கல்லும் கம்பளமுமே போதுமாயின. சுவர் ஓட்டையே அடுக்களைத் தரையிலும் பதித்து வழுக்கி விழுவோர் இதனைக் கருதலாம்.

1580களில் வெள்ளி நாணயம் மதிப்பிழந்தது. அரண்மனை தந்த விலையோ உயரவில்லை. 1609இல் தொடங்கிய சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்கோ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் தேவைப்பட்டன. நட்டத்திற்கு உழைத்த கைகள் தளர்ந்தன, சிவப்பு பழுப்பாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்பூலின் தெக்ஃபூர் ஸராயில் புதிய உலைகள் மூட்டப்பட்டன. அந்தச் சிவப்பு மட்டும் மீளவில்லை.